கர்க்கடகத்திலும் குறையாத லாபம்

ஃபைசல், நஸீமா,

சனிக்கிழமை மதியம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது ஃபைசல் ஒன்று கேட்டான். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவன் கேட்டது தப்பில்லை. "அத்தா, சங்கத்துல வேலை முடிஞ்சு பிரிஞ்சு வரும்போது குடுத்த பைசா சும்மாத்தானே கெடக்கு. இடப்பள்ளி கடையில என்கூட நிக்கிற ஜோபி போன்ல ஒரு ஆப்புல போட்டிருக்கான். மாசம் மூணு சதவீதம். ஒரு மாசம்கூட தவறல. நாமளும் போடலாமா?" என்றான். அவ்வளவுதான்.

ஒரு மாசம்கூடத் தவறவில்லை என்று அவன் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஜார் ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்தால் மறுபடியும் எழுந்து போகத் தோன்றியது. வாயால் சொன்னால் சுற்றி வளைத்துப் பேசித் தப்பித்துக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்கத் தடுமாறும், மெதுவாக வாசித்தால் போதும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தா முப்பத்தியொரு வருஷம் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தினசரி சேமிப்பு வசூல் செய்தவன் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு கூவப்பாடத்தில் ஆரம்பித்து, பஜார் ரோட்டு மிளகு, சுக்குக் கிடங்குகள் எல்லாம் ஏறி இறங்கி, மூன்றரை மணிக்குள் சங்கத்துக்குத் திரும்புவேன். முதலில் ரசீதுப் புத்தகம், அப்புறம் கையில் வைத்து அழுத்தினால் சீட்டு வரும் சின்ன மெஷின். இப்போது போன் போதும் என்றாகிவிட்டது. வேலை பழக முதல் இரண்டு வருஷம் ஆனது. யார் வீட்டில் காலையில் போனால் கிடைக்கும், யார் வீட்டில் சம்பளநாள் சாயங்காலம் போகக்கூடாது, அவ்வளவுதான் அதில் படிப்பு. பைசாவைப் பற்றி நான் படித்தது எல்லாம் வர்கீஸ் சாரிடம்தான்.

வர்கீஸ் சார் எங்கள் கிளையின் செக்ரட்டரி. ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானை எப்போதும் போட்டிருப்பார். கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார், சத்தம் போட மாட்டார். எங்களுக்கு அந்தப் பேனாச் சத்தம்தான் பயம். என்னிடம் பேசுவது மலையாளத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவரிடம் ஒரு நடைமுறை உண்டு. தவணை முடியுமுன்னே ஒருவர் கணக்கை மூட வந்தால் ஒரு விண்ணப்பப் பாரம் எழுத வேண்டும். அதில் நாலாவது வரி, காரணம். எல்லாக் கிளையிலும் அங்கே 'சொந்தத் தேவை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். சார் பாரத்தைத் திருப்பித் தள்ளினார்.

"கபீரே, எல்லாருக்கும் சொந்தத் தேவைதான். அடுத்த வீட்டுத் தேவைக்கு யாராவது கணக்கு மூடுவாங்களா? அவங்க வாயில என்ன வந்ததோ அதை எழுது."

எழுதியதை அவரே உரக்க வாசித்துக் காட்டுவார். வந்தவர் தலையாட்டினால் உடனே கையெழுத்து வாங்க மாட்டார். எதிர்க் கடையைக் காட்டி, "ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. வந்தும் இதே காரணம்னா பைசா எடுத்து வச்சிருப்பேன்" என்பார். போடு, போடாதே, எடு, எடுக்காதே என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தடவை மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளி அந்தோணிச் சேட்டன் வந்தார். காரணம்: 'பெண்டாட்டியோட தம்பி, என் அளியன், புது பைக் வாங்கிட்டான், எனக்கும் வேணும்.' சார் அதை அப்படியே நாலு பேர் முன்னால் வாசித்தார். அந்தோணிச் சேட்டன் சாயா குடிக்கப் போனவர் ஆளையே காணோம். மறுநாள் கிடங்கு வாசலில் என்னைப் பார்த்து, "அளியன்கிட்டயே சாவி வாங்கிக்கறேன் மோனே, அந்தப் பாரத்தைக் கிழிச்சுடு" என்றார்.

சார் கேட்கிற இன்னொரு கேள்வி, "இந்தப் பைசாவுக்குத் தேதி இருக்கா?" பள்ளிக்கூடப் பீஸுக்குத் தேதி உண்டு. பிரசவத்துக்கு உண்டு. தேதி உள்ள பைசா கொஞ்சமாகப் பெருகினாலும் போதும், சொன்ன நாளில் கைக்கு வர வேண்டும். தேதி இல்லாத பைசாதான் ஏறி இறங்குகிற இடத்துக்குப் போகலாம், நிலமோ ஷேரோ எதுவோ. இறங்கினாலும் ஏறுகிறவரை காத்திருக்க அதற்கு நேரம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டவர்கள்தான் என் கண் முன்னால் தவித்தவர்கள். எத்தனை சம்பாதித்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இத்தனை நேரம் சார் பெருமை பேசியதே இதைத் தள்ளிப்போடத்தான் என்று எனக்குத் தெரியும்.

பாலக்காட்டு மனையில் என் பங்கு விற்ற மூன்று லட்சம் இருந்ததே, அதை என் தம்பிக்கு, உங்கள் சாச்சாவுக்கு, கைமாற்றாகக் கொடுத்தேன் என்றும் அவன் திருப்பித் தரவில்லை என்றும் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அவன் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. நஸீமா, உன் கல்யாணத்தில் சாச்சாவிடம் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பைசாவை நான் நாசரின் நகைக்கடையில் போட்டேன். நாசர் என்னைவிட எட்டு வயசு இளையவன். மதரசாவில் அவன் அண்ணன் என்னோடு ஓதினான். கடையில் பங்காளியாகச் சேர்கிறவர்களுக்கு மாதாமாதம் லாபம் கொடுப்பதாகச் சொன்னான். லட்சத்துக்கு இரண்டாயிரத்து ஐநூறு. முத்திரைத்தாளில் பத்திரம். அதில் வட்டி என்று எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். இல்லை. என் மனசு குளிர்ந்துவிட்டது. வட்டி புரளும் இடத்தில் வேலை பார்க்கிறாயே என்று பள்ளிவாசலில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குள் எப்போதும் இருந்தது. சொந்தப் பைசாவாவது சுத்தமான வியாபாரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வியாபாரம் என்றால் நஷ்டத்திலும் பங்கு உண்டே, இவன் லாபம் மட்டும்தானே பேசுகிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. நம் ஆட்கள் நிறையப் பேர் செய்த தப்பு இதுதான். வட்டி இல்லை என்றதும் மற்றக் கேள்விகளையும் அத்தோடு விட்டுவிட்டோம்.

கொரோனா அடைப்புக்கு மூன்று மாதம் முன்னால் சேர்ந்தேன். மாதம் ஏழாயிரத்து ஐநூறு, கவரில் போட்டு வந்தது. ஒரு மாசம்கூடத் தவறவில்லை.

சேர்ந்து ஒன்றேகால் வருஷம் கழித்து ஜமீலாத்தாவின் விஷயம் வந்தது. பஜார் ரோட்டில் ஒரு கிடங்கில் சுக்கு புடைக்கிற ஜமீலாத்தாவை உங்களுக்குத் தெரியும். புருஷன் இல்லை, ஒரு மகள் வீட்டோடு இருக்கிறாள். இருபது வருஷமாக என்னிடம் தினமும் சேமித்தவர். வட்டியைத் தனியாக எண்ணி வாங்கி, யாருக்காவது மருந்து வாங்கிக் கொடுத்துவிடுவார், தன் செலவுக்குத் தொட மாட்டார். அவர் இருந்தது பணய வீட்டில். நஸீமாவின் மாப்பிள்ளை வீட்டு ஆட்களும் இதை வாசிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்: மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். மாத வாடகை கிடையாது. ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்தால், காலி செய்யும்போது அது அப்படியே திரும்பி வரும். தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். ஜமீலாத்தா மூன்று லட்சம் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் இன்னும் இரண்டு லட்சம் கேட்டார். எட்டு மாதத் தவணை. இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று லட்சத்துக்கு வேறு பணய வீடு அந்தப் பக்கத்தில் அப்போது கிடையாது.

சங்கத்தில் அவருக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் இருந்தது. நாற்பதாயிரம் குறைவு. இருப்பதை எடுத்து நாசர் கடையில் போட்டால் அவன் கணக்குப்படி மாதம் நாலாயிரம், எட்டு மாதத்தில் முப்பத்திரண்டாயிரம். கொஞ்சம் அங்கே இங்கே புரட்டினால் சரியாக நிற்கும். அவர் கையில் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது.

கணக்கை மூட என்னோடு சங்கத்துக்கு வந்தார். பாரத்தை நான்தான் எழுதினேன். நாலாவது வரியில் பேனா நின்றது.

"என்ன எழுதட்டும் ஜமீலாத்தா?"

"உள்ளதை எழுது. கபீரு போட்டிருக்கான், அதான் நானும் போடுறேன்."

"அப்படி எழுத முடியாது."

"ஏன், பொய்யா?"

எழுதினேன். சங்கத்தின் வசூல்காரன் வேறு இடத்துத் திட்டத்தைப் பற்றி வாடிக்கைக்காரர்களிடம் வாயே திறக்கக்கூடாது. வேலை போய்விடும். நான் திறக்கவில்லைதான். ஆனால் கவர் வாங்க நான் நாசர் கடைப் படி ஏறுவதைக் கிடங்குகளில் வேலை செய்கிறவர்கள் பார்த்திருந்தார்கள்.

வர்கீஸ் சார் பாரத்தை எடுத்து வழக்கம்போல் உரக்க வாசித்தார். "காரணம்: வசூல்காரர் கபீர் போட்டிருக்கிறார், அதனால் நானும் போடுகிறேன்." வாசித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"எவ்வளவு வருது கபீரே?"

"மாசம் ஏழாயிரத்து ஐநூறு சார்."

"கர்க்கடக மாசத்துல?"

கர்க்கடகத்தில், தமிழ்நாட்டு ஆடியில், நம் ஊரில் யாரும் நகை வாங்குவதில்லை. கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான்.

"அதே ஏழாயிரத்து ஐநூறுதான் சார்."

"அடுத்த சிங்க மாசத்துல? கல்யாண சீசன்ல?"

"அதேதான்."

"அடைப்புல கடை ரெண்டு மாசம் ஷட்டர் போட்டுக் கெடந்தது. அப்போ?"

"அப்பவும்..."

"எதை வித்து லாபம் குடுத்தான்?"

பக்கத்துக் கவுண்டரில் பைசா எண்ணிக்கொண்டிருந்த பெண் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். சார் ஜமீலாத்தாவைப் பார்த்து, "உம்மா, இது உங்க பைசா. வேணும்னா இப்பவே தர்றேன். இதுக்குத் தேதி இருக்கா?" என்றார்.

"இருக்கு. எட்டு மாசம்."

"சாயா குடிச்சிட்டு வாங்க."

ஜமீலாத்தா சாயாக்கடைக்குப் போகவில்லை. வாசலில் நின்று என் சட்டைக் கையைப் பிடித்தார். "சார் சொல்றது எனக்குப் பாதி புரியல. உனக்குப் புரிஞ்சிருக்கும். உன் பைசாவை நீ எடுத்துடு. நீ எடுத்தா நானும் போடல. நீ எடுக்கலேன்னா திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுறேன். அவ்வளவுதான், எனக்கு வேற கணக்கு தெரியாது."

என் மூன்று லட்சத்தோடு தன் வீட்டையும் சேர்த்து என் தலையில் வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனார்.

நான் அன்றைக்கே நாசர் கடைக்குப் போனேன். மாடி ரூமில் ஏசி. குடிக்க நாரங்கா வெள்ளம், எலுமிச்சை ஜூஸ், வந்தது. பைசாவைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுங்க கபீர்க்கா, உங்க பைசா. ஒரு வாரத்துல தந்துடுவேன். ஆனா ஒண்ணு. ஒரு தடவை எடுத்தா திரும்ப உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்க முடியாது. பின்னாடி ஆள் நிக்குது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கூடவே அந்த மாதக் கவரையும் எடுத்து என் முன்னால் வைத்தான்.

நான் கவரை வாங்கிக்கொண்டு இறங்கினேன். போகும்போது அவனுக்கு நன்றி வேறு சொன்னேன்.

ஜமீலாத்தாவிடம் போய், "எடுத்துட்டேன்" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

"சரி, அப்போ என்னோடது சங்கத்துலயே கெடக்கட்டும்."

இதை நான் எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்பேன். அவருக்கு அந்த இடம் ஆகாது என்று தெரிந்துதானே பொய் சொன்னேன். அவருக்கு ஆகாத இடம் எனக்கு மட்டும் எப்படி ஆகும்? ஆசை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது மட்டும் இல்லை. எடுத்தால் இத்தனை நாள் முட்டாளாக இருந்தேன் என்று ஆகிவிடும். அப்படியே விட்டு வைத்தால் அந்தக் கேள்வி தள்ளிப்போகும். பைசா விஷயத்தில் நான் பார்த்த பெரிய தப்புகளில் பாதி இப்படி வந்ததுதான். முதல் தப்பைவிட, அதைத் தப்பு என்று ஒத்துக்கொள்ளாமல் கட்டி இழுக்கிற மாதங்கள்தான் அதிகம் தின்றன.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் வசூலுக்குப் போகும் வழியில் நாசர் கடை ஷட்டர் கீழே கிடந்தது. வாசலில் நூறு பேருக்குமேல். நாசர் போன் எடுக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் ஷட்டரைக் கையால் தட்டிக்கொண்டே இருந்தார், கூப்பிட்டால் திறப்பார்கள் என்பதுபோல. நான் நிற்கவில்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாதவன் மாதிரி பையை மாட்டிக்கொண்டு வசூலுக்கே போனேன். சாயங்காலம் வர்கீஸ் சார், "கபீரே, உன்னோடது வெளியே வந்துதா?" என்று கேட்டார். "வந்துச்சு சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

ஜமீலாத்தா மீதி மாதங்களும் வயிற்றைக் கட்டி நாளுக்கு நூற்றைம்பது வீதம் சேர்த்தார். கடைசியில் குறைந்ததற்கு ஒரு வளையலை அடகு வைத்து, தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்காரர் கையில் இரண்டு லட்சம் கொடுத்தார். அன்றைக்கு எனக்குப் அரிசி மாவில் சுட்ட பத்திரியும் இறைச்சியும் பொதிந்து கொண்டுவந்தார். "நீ எடுத்ததாலதான் தம்பி நானும் என் மகளும் கூரைக்குக் கீழ இருக்கோம்." வசூல் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே தின்றேன்.

அதற்கப்புறம்தான் இன்னொரு நினைப்பு வந்தது. அது இன்றுவரை என்னை உட்கார விடுவதில்லை. ஷட்டர் போட்ட மாதத்தில் நாசர் எதையும் விற்கவில்லை. அப்படியானால் என் கவரில் வந்தது யாருடைய பைசா? எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுடையது. அவன் சொன்னானே, பின்னாடி ஆள் நிக்குது என்று. ஜமீலாத்தா திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த மாதம் என் கவரில் வந்திருப்பது அவருடைய கூரை. நானும் எண்ணிப் பார்த்து வாங்கியிருப்பேன். இங்கே மீன் வாங்கியிருப்போம்.

ஃபைசல், ஜோபியிடம் ஒன்று மட்டும் கேள். எந்த மாசம் குறைஞ்சுது என்று கேள். குறையவே இல்லை என்றால் அவனையும் எடுக்கச் சொல், அவன் கோபித்தாலும் பரவாயில்லை. ஷேர் வாங்கு, மியூச்சுவல் பண்டில் போடு, எனக்கு ஒன்றுமில்லை. அவை இறங்கும், இறங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆறு மாதம் வீட்டுச் செலவுக்கு வேண்டியதைத் தனியே வைத்துவிட்டுப் போடு. வட்டி விஷயத்தில் உங்கள் மனசுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள், அதில் நான் பேச மாட்டேன். எங்கே போட்டாலும் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். உங்கள் அம்மாவின் மூட்டு ஆபரேஷனுக்கு வைத்ததை ஒருவரும் தொட வேண்டாம். அதற்குத் தேதி இருக்கிறது.

இதுவரை எழுதியது ஞாயிற்றுக்கிழமை. இன்று செவ்வாய்.

நேற்று ஜமீலாத்தாவைப் பார்க்கக் கிடங்குக்குப் போனேன். முறத்தை நிறுத்தாமலே, "என்ன கபீரு, வேலையும் இல்ல, பையும் இல்ல, கெடங்குல என்ன?" என்றார்.

"அன்னைக்கு நான் எடுக்கல ஜமீலாத்தா."

"எதை?"

"நாசர் கடைப் பைசாவை. எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

முறம் நின்றது. "எவ்வளவு போச்சு?"

"மூணு லட்சம்."

"அல்லாவே." முறத்தைக் கீழே வைத்தார். "அப்போ நான் கொண்டுவந்த பத்திரியைத் தின்னியே கள்ளா, அது எப்படி எறங்குச்சு?"

"எறங்கல."

சிரித்தார். பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். அப்புறம் அவர் முகம் மாறியது.

"எனக்கு ஒண்ணும் போகல. அதனால உன்னைத் திட்டவும் வழியில்ல. ஆனா இருபது வருஷம் உன் கையில பைசா குடுத்துட்டு, சீட்டைப் பார்க்காம மடிச்சு வச்சவ நான். இனி எவன் வந்தாலும் பாப்பேன். நீயே வந்தாலும் பாப்பேன்."

"பாக்கணும் ஜமீலாத்தா."

"நீ சொல்லாத. நானே பாத்துக்கறேன்." மறுபடியும் புடைக்க ஆரம்பித்துவிட்டார். தூசியில் எனக்குத் தும்மல் வந்தது. இறங்கி வந்தேன்.

அவரிடம் முதலில் சொல்லவேண்டி இருந்ததற்குக் காரணம் உண்டு. நாசரின் சொத்தை விற்று, பைசா போட்டவர்களுக்குக் கிடைப்பதைப் பகிர்ந்து கொடுக்க எறணாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். பெயர்களை ஒட்டுவார்கள், ஊரே வாசிக்கும், ஜமீலாத்தா காதுக்கும் போகும். அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் போகாமல் இருந்தேன். மனு கொடுக்க நாளையோடு கடைசி.

இன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் போட் ஏறிப் போனேன். மனுவில் எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு முன்னால் எழுதியவர்கள் முழுத் தொகையும் எழுதிக்கொண்டிருந்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல நான் யார். நான் வராந்தா ஓரத்தில் ஒரு ஜன்னல் திட்டில் தாளை வைத்து, பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு கவர், ஏழாயிரத்து ஐநூறு வீதம். ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். அதை மூன்று லட்சத்தில் கழித்து, ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் என்று அந்தக் கட்டத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில் போட்டேன்.